தேய்க்காத கார்டு

செஞ்சி
16.6.2024

அன்புள்ள அண்ணிக்கு, கலைச்செல்வி எழுதுவது.

இங்கே நைனாவின் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். அங்கே அண்ணனின் கோபத்தைத் தவிர மற்றதெல்லாம் சுகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். விமல்ராஜ் ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?

இந்தக் காலத்தில் யாரம்மா கடுதாசி எழுதுகிறார்கள் என்று தபால்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். 'அண்ணி, பணம் ரெடியா?' என்று நான் போனில் அனுப்பியதை உங்கள் அருமைப் பிள்ளை, அண்ணன் சோற்றில் கை வைத்த நேரத்தில் டிவி செய்தி மாதிரி சத்தமாக வாசித்தானே, அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன். இனிமேல் நீங்கள் சமைக்கிற ஹாஸ்டல் விலாசத்துக்குக் கடுதாசிதான். நீங்களும் நான் தைக்கிற கடை விலாசத்துக்கே போடுங்கள். வீட்டுக்கு வந்தால் நைனா பிரித்துப் படித்துவிட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டியும் வைத்துவிடுவார்.

நீங்கள் கொடுத்த இருபத்தைந்தாயிரத்தை பேங்கில் என் பேரில் டெபாசிட் போட்டாயிற்று. வளர்மதி மேடம் என்று ஒருவர் இருக்கிறார், நல்ல மாதிரி. நான் மூன்று பவர் மெஷின் வாங்க லோன் கேட்டதும் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "இன்னாம்மா இது, உங்க வீட்டுக்காரரு லோடு ஆட்டோ வாங்கினப்போ நீங்களும் கையெழுத்து போட்டிருக்கீங்க. அவரு கட்டாம உட்டதுல உங்க சிபிலும் கெட்டுக் கெடக்குது. இப்போ லோன் எழுதினா மேல இருந்து திருப்பி அனுப்பிடுவாங்க" என்றார். புருஷன் என்று பேர் வைத்துக்கொண்டிருந்த பார்த்திபன் ஊரை விட்டே போயாயிற்று. அவன் விட்டுப்போன மிச்சத்தை அண்ணன்தான் கட்டி முடித்தார். ஆனால் என் பேரில் விழுந்த கறை மட்டும் போகவில்லையாம்.

அதைப் போக்கத்தான் இந்தக் கார்டு. டெபாசிட்டை பேங்க் பிடித்து வைத்துக்கொண்டு, அதன் மேல் ஒரு கிரெடிட் கார்டு தருகிறார்கள். ஒரு வருஷம் போனால் என் பேர் தேறிவிடுமாம், அப்புறம் மெஷினுக்கு லோன் எழுதலாமாம். மேடம் இன்னும் என்னென்னமோ விளக்கினார். அந்த நேரம் பார்த்து கரண்ட் போய்விட்டது, பின்னால் பென்ஷன் வாங்க வந்த கூட்டம் தள்ளுகிறது. தேதி தப்பினால் வட்டி ஏறும் என்றது மட்டும் என் காதில் நன்றாக விழுந்தது. எனக்குப் புரிந்த வரை இது அடகு மாதிரிதான் அண்ணி. நகைக்குப் பதில் பணம், சீட்டுக்குப் பதில் கார்டு.

இந்த உதவியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். அண்ணனுக்கு மட்டும் தெரியவே வேண்டாம். "இன்னொரு தபா லோனுன்னு வாயத் தொறந்தே, அண்ணன்னு ஒருத்தன் இல்லன்னு நெனச்சிக்கோ" என்று அவர் சொன்னது இன்னும் காதிலேயே இருக்கிறது.

உங்கள் நாத்தனார்,
கலைச்செல்வி


ஒரகடம்
3.7.2024

அன்பு கலைக்கு, எழில் அண்ணி எழுதுகிறேன்.

நாங்கள் சௌக்கியம். மாமாவின் முழங்காலுக்கு நொச்சி இலை வதக்கி ஒத்தடம் கொடு. உன் கடுதாசியைச் சாம்பார் கொதிக்கும்போது படித்தேன். சாம்பார் அடிபிடித்துவிட்டது. "இன்னாக்கா, கருகல் வாசன வருது" என்று ஹாஸ்டல் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். இனிமேல் ரசம் வைக்கிற நாளாகப் பார்த்து எழுது.

அடகு மாதிரி என்றால் எனக்கு நன்றாகத் தெரியும். நீ அந்த விஷயத்தில் சின்னப்பிள்ளை, நான் சொல்வதைக் கேள். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திரியாதே. கடைக்கு எடுத்துப் போகாதே. சும்மா பார்க்கிறேன் என்று யார் கேட்டாலும் காட்டாதே. சீட்டு தொலைந்தால் நகை போச்சு. நகை இல்லை, பணம். பார், கை தப்பாக எழுதுகிறது.

ஒரு வருஷம் என்றால் அடுத்த ஜூனில் டெபாசிட்டை மீட்டுவிடலாம்தானே? சும்மா கேட்டேன். அந்தப் பணம் என் கையில் சும்மா கிடந்ததுதான். அங்கேயும் கொஞ்ச நாள் கிடக்கட்டும். நீ மெஷின் போட்டு, நாலு பேரை வேலைக்கு வைத்து, அந்தப் பார்த்திபன் முகத்தில் கரியைப் பூசு. அது போதும் எனக்கு.

அண்ணனுக்கு இந்த மாதம் நைட் ஷிப்ட். பகலில் தூங்குகிறார், அதனால் வீட்டில் கோபம் குறைவு.

இப்படிக்கு,
எழில்


செஞ்சி
25.8.2024

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் தலைவலி எப்படி இருக்கிறது?

கார்டைப் பற்றிக் கவலையே வேண்டாம். நீங்கள் சொன்னபடி கண்ணில் காட்டாமல் வைத்திருக்கிறேன். ஜாக்கெட் வெட்டிய சிவப்பு வெல்வெட்டில் அதற்கு ஒரு உறை தைத்தேன், உள்ளே லைனிங் கூடக் கொடுத்தேன். உறையோடு பீரோவில், அம்மாவின் கல்யாணப் புடவை மடிப்பில் இருக்கிறது. போன வாரம் நான் தைக்கிற ஜவுளிக்கடை முதலாளி விநாயகம், "கலை, கார்டு வச்சிருக்கியாமே, கொண்டா, உனக்கும் ரெண்டு நைட்டி எடுத்துக்க, எனக்கும் யாவாரம் ஆவுது" என்றார். "அதெல்லாம் தொடற கார்டு இல்லங்க" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது நல்ல சேதி. உங்கள் மருமகள் சுவாதி பெரியவளாகிவிட்டாள். செப்டம்பர் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை தண்ணி ஊற்றுகிறோம். அவளுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. "மைக் செட்டு கட்டி ஊருக்கே சொல்லணுமாம்மா, என் கிளாஸ் பசங்க வேற இதே தெருவுல இருக்கானுங்க" என்று முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். நைனா ஒரே பிடியாக நிற்கிறார். புருஷன் இல்லாத வீடு என்று இந்தக் குழந்தைக்கு ஒன்றும் குறை வைக்கக் கூடாதாம். மைக் செட்டு வேண்டாம் என்ற வரைக்கும் சமாதானம் ஆகியிருக்கிறது.

தாய்மாமன் வீட்டுச் சீர்த்தட்டில் முதல் தட்டு நீங்கள்தான் தூக்கிவர வேண்டும். அப்பன் வீட்டுப் பக்கம் யாரும் வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். தளவானூர் சித்தி, பனமலை பெரியம்மா எல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர்கள் முன்னால் நீங்கள் அந்த ஜிமிக்கிக் கம்மலும் பச்சைப் பட்டுமாக இறங்கி வந்தால் எனக்கு அதுவே போதும். முதல் நாளே வந்துவிடுங்கள்.

உங்கள் நாத்தனார்,
கலைச்செல்வி


ஒரகடம்
1.9.2024

அன்பு கலைக்கு,

எல்லோரும் நலம். சுவாதிக்கு என் முத்தம்.

விசேஷத்துக்கு என்னால் வர முடியாது. ஹாஸ்டலில் கூடச் சமைக்கிற குஞ்சம்மாள் அக்கா ஊருக்குப் போகிறார். நூறு பெண்களுக்கு ஒருத்தியாகத்தான் வடிக்க வேண்டும். லீவு கிடையாது என்றுவிட்டார்கள். அண்ணனும் விமல்ராஜும் வருவார்கள். தட்டு, புடவை, வளையல் எல்லாம் நானே பார்த்து வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். எதிலும் குறை இருக்காது.

கோபித்துக்கொள்ளாதே.

எழில்


செஞ்சி
22.9.2024

அண்ணிக்கு,

நைனா நலம். சுவாதி நலம். நானும் நலம்தான், கேட்பதற்கு ஆள் இருந்தால்.

நீங்கள் லீவு இல்லை என்று எழுதினீர்கள். அண்ணன் வந்து இறங்கியதும் "அவளுக்குக் காதுல புண்ணு, வலி தாங்கல" என்றார். இரண்டில் எது பொய் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

முதல் தட்டை யார் தூக்குவது என்று வாசலில் அரை மணி நேரம் நின்றார்கள். கடைசியில் தளவானூர் சித்தியின் மருமகள் தூக்கினாள். யாரோ ஒருத்தி, அவள் பேர்கூட எனக்குச் சரியாகத் தெரியாது. "மாமங்காரன் வந்துட்டான், மாமங்காரிக்கு இன்னாவாம்? வாழாத வூட்டு விசேஷம்னு வர்லியா?" என்று பனமலை பெரியம்மா என் காதுபடக் கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே பந்திக்கு அப்பளம் எடுக்கப் போனேன். ஸ்டோர் ரூமில் நின்று அழுதுவிட்டு அப்பளக் கூடையோடு வெளியே வந்தேன்.

பணம் கொடுத்தவர்கள் நீங்கள். அதனால் நான் வாயைத் திறக்கக் கூடாது என்று தெரியும். ஆனால் பணம் கொடுத்தால் வரவேண்டியதில்லை என்று ஆகிவிடுமா அண்ணி? எனக்கு அன்றைக்குப் பணம் வேண்டியிருக்கவில்லை. நீங்கள்தான் வேண்டியிருந்தது.

கார்டு பத்திரமாக இருக்கிறது.

கலைச்செல்வி


ஒரகடம்
20.1.2025

அன்பு கலைக்கு,

பொங்கல் நன்றாகப் போனதா? இங்கே வாசலில் ஒரு படி அரிசி போட்டுப் பொங்கினோம். விமல்ராஜுக்குக் காய்ச்சல் வந்து சரியாகிவிட்டது. மாமாவுக்கு முட்டி உறை ஒன்று அண்ணனிடம் கொடுத்துவிட்டேன், போட்டுப் பார்த்தாரா?

உன் கடுதாசிக்கு நான்கு முறை பதில் எழுத உட்கார்ந்தேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது வேலை வந்துவிட்டது. நீ கேட்டதில் தப்பில்லை. நான் வந்திருக்க வேண்டும். அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

டெபாசிட் ஜூன் மாதம் முடியும் என்றாயே, ஜூன் பதினைந்துக்குள் கைக்கு வந்துவிடுமா? வராவிட்டாலும் குற்றமில்லை. பதினைந்து என்றது ஒரு பேச்சுக்குத்தான்.

மெஷினுக்கு இடம் பார்த்துவிட்டாயா? காந்தி பஜாரில் வாடகை அதிகம் கேட்பார்கள். திண்டிவனம் ரோட்டில் பார்.

எழில்


செஞ்சி
23.3.2025

அன்புள்ள அண்ணிக்கு,

எல்லோரும் நலம். முட்டி உறை போட்டதிலிருந்து நைனா டீக்கடைக்கு நடந்தே போய் வருகிறார். திரும்பி வரத்தான் நேரமாகிறது.

பேங்கிலிருந்து ஒரு தபால் வந்தது. நம்மிடம் இருக்கிற வகைக் கார்டை நிறுத்தப் போகிறார்களாம். வேறு வகைகள் கொண்டு வருகிறார்களாம். போய் மேடத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். ஏன் என்று பிறகு எழுதுகிறேன். பயப்பட ஒன்றும் இல்லை, பணம் பணமாகவே இருக்கிறது.

வெயில் இப்போதே ஆரம்பித்துவிட்டது. ராஜகிரி மலைப் பக்கம் பார்த்தாலே கண் கூசுகிறது. மதியத்தில் மெஷினில் கால் வைக்க முடியவில்லை. வேறு விசேஷம் இல்லை.

கலைச்செல்வி


ஒரகடம்
6.4.2025

அன்பு கலைக்கு,

நாங்கள் நலம். நீ நலமா என்று இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.

தலையில் கை வைத்தார், பிறகு எழுதுகிறேன் என்றால் எனக்கு எப்படிச் சோறு இறங்கும்? ஏதாவது ஏடாகூடமா? கார்டு தொலைந்துவிட்டதா? தொலைந்திருந்தால் உடனே சொல். சீட்டு இல்லாவிட்டாலும் கையெழுத்துப் போட்டு மீட்கலாம், கொஞ்சம் அலைய வேண்டும், அவ்வளவுதான். எனக்கு ஜூனில் கட்டாயம் வேண்டும் என்றில்லை. முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் நான் வேறு வழி பார்த்துக்கொள்வேன். நீ மனசை விட்டுவிடாதே.

அண்ணன் வழக்கம்போல ஏப்ரல் பதினாலுக்கு அங்கே வருகிறார். நீலச் சட்டை தைக்கக் கொடுத்து வாங்கியாயிற்று. சிலைக்கு மாலை போட்டுவிட்டு ஒரு நாள் இருந்துவிட்டு வரட்டும். முறுக்கு கொடுத்துவிடுகிறேன். பழைய கதை எதையும் அவரிடம் கிளறாதே.

எழில்


செஞ்சி
27.4.2025

என் அருமை அண்ணிக்கு,

உங்கள் காது எப்படி இருக்கிறது?

அண்ணன் முறுக்கோடு வந்தார். மாலை போட்டு, கூட்டம் முடிந்து, ராத்திரி எல்லோரும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். சுவாதி அவர் போனைப் பிடுங்கி போட்டோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஹாஸ்டலில் மகளிர் தினத்துக்கு உங்களுக்குச் சமையல் பரிசு கொடுத்தார்களாமே, எவர்சில்வர் டப்பா. அந்தப் போட்டோ. டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் படத்தை இழுத்துப் பெரிதாக்கினாள். எனக்கு டப்பா தெரியவில்லை. காதை மூடியிருந்த உங்கள் முந்தானை விலகியிருந்தது. இரண்டு காதிலும் வேப்பங்குச்சி.

"இன்னாண்ணா, அண்ணி கம்மல் எங்கே?" என்றேன். "அத்த அவ தங்கச்சி கல்யாணத்துக்கு எரவல் குடுத்தா. போன வருசம் போனது, இன்னும் வர்ல. நானும் கேக்கல, அவங்க வூட்டு சமாச்சாரம்" என்றார் அண்ணன்.

எரவல் கொடுத்தவள் கல்யாணம் முடிந்ததும் போய் வாங்கியிருப்பாள், ஒரு வருஷம் குச்சி போடுவாளா அண்ணி? நகை வரவேண்டும், அதுவரை துவாரம் தூர்ந்துவிடக் கூடாது என்று நாள் எண்ணுகிறவள்தான் போடுவாள். சும்மா கிடந்த பணம் என்றீர்களே. ஜூன் பதினைந்து பேச்சுக்கு என்றீர்களே. அதுதானே அடகுக்கடைத் தவணை? அதற்கு மேல் போனால் ஏலம்தானே? மறுநாள் கடையில் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைக்கும்போதெல்லாம் விரலிலேயே ஊசியைக் குத்திக்கொண்டேன். உங்களைப் போய் விசேஷத்துக்கு வரவில்லை என்று என்ன பேச்சுப் பேசினேன். என் வாய் இருக்கிறதே, அதற்குத்தான் முதலில் கொக்கி தைக்க வேண்டும்.

இப்போது என் பங்குக்கும் சொல்லிவிடுகிறேன். மேடம் ஏன் தலையில் கை வைத்தார் தெரியுமா? நான் வெல்வெட் உறையோடு கார்டை எடுத்து மேஜையில் வைத்தேன். "இதுக்கு உறை வேற தச்சிருக்கீங்களா?" என்று சிரித்தவர், கம்ப்யூட்டரைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டார். "ஒரு தபாகூட தேய்க்கலியேம்மா! கொஞ்சமா வாங்குங்க, தேதிக்குள்ள கட்டுங்க, அப்பத்தான் பேரு ஏறும்னு படிச்சுப் படிச்சு சொன்னனே. இது அடகுச் சீட்டு இல்லம்மா. நீங்க வாங்கிக் கட்டினாத்தான் நீங்க ஒழுங்கா கட்டுற ஆளுன்னு அதுக்குத் தெரியும். பீரோல வச்சா அதுக்கு இன்னா தெரியும்?" என்றார்.

எனக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. இத்தனை மாதமும் வீண். வாங்கிக் கட்டியவர்களுக்கெல்லாம் இப்போது டெபாசிட்டையும் திருப்பிக் கொடுத்து, கார்டையும் சாதாரணக் கார்டாக மாற்றித் தருகிறார்களாம். தேய்க்காத கார்டை ஜூனோடு மூடிவிடுவார்களாம். வேண்டுமானால் என் டெபாசிட்டை அப்படியே புது வகைக் கார்டுக்கு மாற்றி இன்னும் ஒரு வருஷம் பிடித்து வைக்கிறேன், இந்த முறையாவது ஒழுங்காகத் தேய்த்துக் கட்டுங்கள், அடுத்த வருஷம் மெஷின் லோனுக்கு நானே எழுதுகிறேன் என்றார் மேடம். நானும் சரி என்று பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். உங்களிடம் இன்னொரு வருஷம் எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் அந்த அரைகுறைக் கடுதாசி எழுதினேன்.

போட்டோவைப் பார்த்த மறுநாள் பேங்க் திறப்பதற்கு முன்னாலேயே போய் நின்றேன். "மேடம், இன்னொரு வருசம் வேணாம். கார்டை மூடிடுங்க, டெபாசிட்டை உடுங்க" என்றேன். "மெஷினு?" என்றார். "மெஷின் ஓடிப் போவாது மேடம். கம்மலு போயிடும்" என்றேன். அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் அவரும் காதில் கம்மல் போட்டிருக்கிற பொம்பளைதானே, உடனே பாரத்தை எடுத்து நீட்டினார்.

பணம் முந்தாநாள் விடுபட்டது. வட்டியோடு உங்கள் கணக்குக்கு அனுப்பிவிட்டேன். அடகுக்கடைக்காரன் வட்டி இதற்கு மேல் இருக்கும், அதனால் கல்யாண சீசனில் தைத்த கூலியையும் சேர்த்திருக்கிறேன். வேண்டாம் என்று திருப்பி அனுப்பினால் நான் நேரில் வந்து ஹாஸ்டல் வாசலில் சண்டை போடுவேன். போய் மீட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குச்சியைப் பிடுங்கி எறியுங்கள்.

எனக்காகக் காதைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்தீர்களே அண்ணி.

கலைச்செல்வி


ஒரகடம்
18.5.2025

அன்பு கலைக்கு,

எல்லோரும் நலம். காதும் நலம்.

நீ செய்தது பைத்தியக்காரத்தனம். முதலில் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது. ஜூனில் கடைக்காரனிடம் வட்டியை மட்டும் கட்டிவிட்டு இன்னும் மூன்று மாதம் கெஞ்சியிருப்பேன். உன் கடை என்ன ஆவது? எத்தனை ஆசையோடு இருந்தாய். பணம் வந்த செய்தி போனில் வந்ததும் காய் நறுக்குகிற கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குஞ்சம்மாள் அக்கா, "எழிலு, வெங்காயமா, அழுவறியா?" என்றார். வெங்காயம் என்றேன். கையில் இருந்தது புடலங்காய்.

தப்பு உன்மேல் மட்டும் இல்லை. சீட்டை வெளியே எடுக்காதே, யாரிடமும் காட்டாதே என்று புத்தி சொன்ன மகாராணி நான்தானே. என் நினைப்பெல்லாம் அந்த அடகுச் சீட்டிலேயே இருந்தது. அரிசி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அதே புத்தியை உனக்கும் சொல்லிவிட்டேன். நன்றாகச் சேர்ந்தோம் இரண்டு பேரும்.

விசேஷத்தன்று நான் எங்கேயும் வடிக்கவில்லை. வீட்டில்தான் இருந்தேன். கவரிங் போட்டால் எனக்கு அரை நாளில் காது சீழ் பிடித்துவிடும். அண்ணன் சொன்ன புண் அதுதான். ஒரு வாரம் முன்னால் போட்டுப் பார்த்துப் பழுத்துவிட்டது. மூளிக் காதோடு முதல் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தால் உன் பெரியம்மா என்ன கேட்பாள்? கம்மல் எங்கே என்பாள். உன் அண்ணனிடம் சொன்ன எரவல் பொய்யை அத்தனை பேர் முன்னால், நீயும் கேட்க, எப்படிச் சொல்வேன்? அதனால் பச்சைப் பட்டைக் கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, தட்டு தூக்குகிற நேரத்துக்கு வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். விமல்ராஜ் போனில் அனுப்பிய படங்களில் சுவாதியைப் பார்த்தேன். அழகாக இருந்தாள். முறைத்துக்கொண்டுதான் இருந்தாள், இருந்தாலும் அழகு.

கம்மலை மீட்டுவிட்டேன். ஒரு பக்கத் திருகாணியைக் காணோம். "நீங்க வச்சப்பவே இல்ல" என்கிறான் கடைக்காரன். நான் வைத்தபோது இருந்தது. அவனோடு யார் சண்டை போடுவது? பின்னால் நூல் சுற்றிப் போட்டிருக்கிறேன், நிற்கிறது.

அண்ணன் டூட்டி முடிந்து வந்து என் காதையே பார்த்தார். "தங்கச்சி குடுத்துட்டாளா?" என்றார். "குடுத்துட்டா" என்றேன். எந்தத் தங்கச்சி என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எழில்


செஞ்சி
9.11.2025

அன்புள்ள அண்ணிக்கு,

ஆறு மாதமாகக் கடுதாசி இல்லையே என்று திட்டியிருப்பீர்கள். கையில் காட்டுவதற்கு ஒன்று வந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். இங்கே நைனா சுகம். சுவாதி என் உயரத்துக்கு வந்துவிட்டாள், பேச்சில் என்னை எப்போதோ தாண்டிவிட்டாள். கோட்டைக்கு ஏதோ உலக அளவில் பேர் கிடைத்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமையானால் வெளியூர் ஜனம் வருகிறது. நடுவழியில் சட்டை கிழிந்தவர்கள், பை வார் அறுந்தவர்கள் எல்லாம் என் மெஷினைத் தேடி வருகிறார்கள்.

ஆடி மாதம் வளர்மதி மேடம் பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துக் கூப்பிட்டார். பேங்க் புதிதாகக் கொண்டு வந்திருக்கிற டெபாசிட் கார்டுக்கு ஐந்தாயிரம் போட்டாலே போதுமாம். பழைய கார்டை நிறுத்தினார்களே என்று நான் எத்தனை திட்டு திட்டியிருப்பேன், இப்போது அதே பேங்கு எனக்குக் கைக்கு எட்டுகிற மாதிரி ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறது. தீபாவளிக்குத் தைத்த கூலியில் டெபாசிட் போட்டேன். இந்த முறை முழுக்க என் பணம். கரண்ட் போனாலும் பரவாயில்லை என்று மேடம் சொன்னதை எல்லாம் இரண்டு முறை கேட்டுக்கொண்டேன். உறை தைக்கவில்லை.

தீபாவளிக்கு வந்த அண்ணனிடம் நானே சொல்லிவிட்டேன். "கார்டா, உனக்கா?" என்று கண்ணை உருட்டினார். "டெபாசிட் யாருது?" என்றார். "என்னுது" என்றேன். பட்டாசுக் குப்பையைக் காலால் ஒதுக்கினார். "தேதி தப்பாம கட்டு" என்றார். அவ்வளவுதான். அண்ணன் என்று ஒருவர் இன்னும் இருக்கிறார்.

முதல் தேய்ப்பு எதற்கு என்று ஒரு வாரம் யோசித்தேன். விநாயகம் முதலாளி நைட்டியோடு காத்துக்கொண்டிருந்தார். நூல் கண்டு வாங்கு என்றாள் சுவாதி. நான் நேராகக் காந்தி பஜார் நகைக்கடைக்குப் போய், "ஜிமிக்கிக் கம்மலுக்கு ஒரு திருகாணி குடுங்க, தங்கத்துல" என்றேன். "ஒத்த திருகாணியாம்மா? ஜோடியாத்தான் வாங்குவாங்க" என்றார் கடைக்காரர். "ஒண்ணுதான் காணாமப் போச்சு" என்றேன். மெஷினில் ஒவ்வொரு நம்பராகப் பார்த்துப் பார்த்து அழுத்தினேன் அண்ணி. சீட்டு கிர்ரென்று வெளியே வந்ததும் கடையில் இருந்தவர்கள் எல்லாம் பார்க்கிற மாதிரி சிரித்துவிட்டேன். பில் தொகையை முந்தாநாள், தேதிக்கு முன்னாலேயே கட்டியாயிற்று. மேடத்திடம் போய்ச் சொன்னேன். "தேய்ச்சிட்டீங்களா!" என்று எழுந்தே நின்றுவிட்டார். இதே மாதிரி ஒரு வருஷம் போனால் மெஷினுக்கு எழுதலாம் என்கிறார். ஒரு வருஷம் வீணாய்ப் போனதைப் பார்த்தவள் நான், இந்த ஒரு வருஷம் எனக்குப் பெரிதில்லை.

கம்மலைப் பார்த்தால்தான் மரை சேர்த்துத் தர முடியும் என்று கடைக்காரர் சொல்லிவிட்டார். அதனால் பொங்கலுக்கு நீங்கள் வந்தே ஆக வேண்டும். சுவாதியிடம் சொன்னேன். "எழில் அத்தை தட்டு தூக்கறதா இருந்தா, நான் வேணா இன்னொரு தபா மனையில ஒக்காந்துக்கறம்மா, ஆனா மைக் செட்டு கூடாது" என்றாள். யார் சொல்வது பாருங்கள்.

முதல் பில்லை இதோடு வைத்திருக்கிறேன், பத்திரமாக எல்லாம் வைக்க வேண்டாம், பார்த்துவிட்டு எறிந்துவிடுங்கள். திருகாணியை வைக்கவில்லை. அது வேண்டுமென்றால் காதோடு வந்து சேருங்கள்.

உங்கள் தங்கச்சி,
கலைச்செல்வி